வெட்டி வைத்த துணி

யோசப்பினுக்கு ஒரு பழக்கம். ஆரின்ரை வீட்டுக்குள்ளை காலடி வைச்சாலும் முதலிலை ஆக்களைப் பாக்கமாட்டாள், கதிரையைத்தான் பாப்பாள். குஷன் எந்தப் பக்கம் அமுங்கியிருக்கு, உறையின்ரை ஓரம் எங்கை நைஞ்சிருக்கு எண்டு பாத்து, அந்த வீட்டுச் சங்கதி முழுக்கச் சொல்லிப்போடுவாள். அதிலை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஏன் மறைக்கவேணும்?

புருஷன் லியோன் செத்த பிறகு சோபா செற்றிக்கும் கதிரைக்கும் உறை தைக்கிறதுதான் சீவியம். சுண்டுக்குளியிலை தன்ரை வீட்டு முன்விறாந்தையிலை மெசின். பழைய செற்றியைக் கொண்டுவந்து இறக்கினால் போதும், துணியை உரிச்சு, ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டி, தேங்காய்த்தும்பு அடைச்சு, புதுசாக்கி அனுப்புவாள். துணியை வெட்டினால் தைச்சு முடிச்சிட்டுத்தான் எழும்புவாள். வெட்டின துணியைப் போட்டிட்டுப் போறது, சாப்பிட்டிட்டுக் கை கழுவாமல் திரியிற மாதிரி எண்டுவாள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கினதோடை சாமான் வரத்து நிண்டுபோச்சு. ஸ்பொஞ்ச் இல்லை, உறைக்குப் பூட்டுற சிப் இல்லை, கறன்ற் இல்லை, மெசினுக்கு விட எண்ணெய்கூட இல்லை. தேங்காயெண்ணெயை விட்டால் அது பிசினாய்ப் பிடிச்சு மெசின் முக்கும். கழட்டின ஆணியைத் தட்டி நிமித்தித் திருப்பியும் அடிப்பாள். விரல் நசியேக்கை வாயிலை வாறதை மாதாவுக்குக் கேக்காமல் மெல்லமாய்ச் சொல்லுவாள்.

இப்பிடியிருக்கேக்கைதான் பக்கத்து ஒழுங்கை இரத்தினம்மா ரீச்சர் வந்தா. பென்சன்காரி, தனி ஆள், மகன் கனடாவிலை.

"பிள்ளை யோசப்பின், எங்கடை செற்றிக்கு உறை மாத்தித் தாறியே?"

"துணிக்கு எங்கை ரீச்சர் போறது?"

"அதுக்கென்ன, நான் கொண்டு வந்திருக்கிறன்." தன்ரை வீட்டுச் சன்னல் சீலையளைக் கழட்டிக்கொண்டு வந்திருந்தா. மண்சிவப்பு, தடிச்ச துணி. யோசப்பினுக்குச் சந்தோசம், புளுகமெண்டால் புளுகம். எத்தினை காலத்துக்குப் பிறகு கத்தரிக்கோலுக்கு ஒரு நல்ல துணி! ரெட்டைத் தையல் போட்டு, மூலையளிலை மடிப்பு வைச்சு, கல்யாண வீட்டுக்குத் தைக்கிற மாதிரித் தைச்சுக் குடுத்தாள்.

செற்றி போய்ச் சேர்ந்த கிழமையே ரீச்சர் திரும்பி வந்தா. கொழும்புக்குக் கண் காட்டப் போகவேணுமாம், ஒரு மாசத்திலை வந்திடுவாவாம், யோசப்பின் பிணை நிக்கவேணுமாம்.

அந்த நாளிலை யாழ்ப்பாணத்தை விட்டுப் போறதெண்டால் இயக்கத்திட்டை பாஸ் எடுக்கவேணும். பாஸ் வேணுமெண்டால் இஞ்சை ஒராள் பிணை நிக்கவேணும். போன ஆள் திரும்பி வாறவரைக்கும் பிணை நிண்ட ஆள் அசையேலாது.

வேலிக்கு அங்காலை இருந்த லூர்த்தம்மா தலையிலை கையை வைச்சாள். "விசரே உனக்கு? அவ வராமல் விட்டால்?"

"போடி, உனக்கென்ன தெரியும்? போறவள் செற்றிக்குப் புது உறை போடுவாளே? அது வந்து இருக்கிறதுக்குப் போட்ட உறை!"

இவ்வளவுதான் யோசிச்சவள். கதிரையைப் பாத்தே கதை சொல்லுறவள் அல்லோ! பிணை நிண்டாள். ரீச்சர் கிளாலிக் கடலாலை வள்ளத்திலை போனா. மாசம் போச்சு, மழை போச்சு, பெரிய வெள்ளியும் போச்சு. கொழும்பாலை வந்த ஒராள்தான் கதையோடை கதையாய்ச் சொல்லிச்சுது, ரீச்சர் மகனோடை கனடாவிலை சுகமாய் இருக்கிறாவாம்.

அதே கிழமைதான் நீர்கொழும்பிலையிருந்து மகள் ரெஜினாவும் சொல்லி அனுப்பினாள். முதல் பிள்ளை வயித்திலை, ஏழு மாசம், அம்மா கட்டாயம் பக்கத்திலை வேணும்.

யோசப்பின் பாஸ் குடுக்கிற கந்தோருக்கு ஓடினாள். மேசைக்கு அங்காலை இருந்தவன் மரியாதையாய்த்தான் சொன்னான். "நீங்கள் பிணை நிண்ட அம்மாவை வரச் சொல்லுங்கோ. பிறகு நீங்கள் போகலாம்."

"கனடாவிலையிருந்தே தம்பி வரச் சொல்லுறது?"

அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

திரும்பி வரேக்கை ரீச்சரின்ரை வீட்டு வாசலிலை நிண்டு எட்டிப் பாத்தாள். சன்னலெல்லாம் மொட்டையாய்க் கிடந்தது. உள்ளுக்கை மண்சிவப்புச் செற்றி, ஒருத்தரும் இருக்காத உறை. அப்பதான் உறைச்சுது. சன்னல் சீலையைக் கழட்டிச் செற்றிக்குப் போட்டவள் அந்த வீட்டிலை இருக்கப் போறவளே? துணியைக் கண்ட புளுகத்திலை சன்னலை யோசிக்கேல்லையே, யேசுவே! பாஸ் கந்தோர் ஆக்கள் விசாரிக்க வந்தால் பாக்கட்டும் எண்டு போட்ட உறை. உண்மையிலை அதிலை ஏமாந்தது தைச்சவள்தான். வீட்டுக்கு வந்து மெசினிலை தலையை வைச்சு, வாய்விட்டு அழுதாள்.

அழுத சத்தம் வேலி தாண்டிப் போயிருக்கும். லூர்த்தம்மா வந்து நிண்டாள். தொய்வுக்காரி, பத்தடி நடந்தாலே மூச்சு இழுக்கும்.

"நான் கந்தோரிலை கேட்டுப் பாத்தனான். ரீச்சருக்கு நீ நிண்ட பிணையை என்ரை பேருக்கு மாத்தி, உனக்கும் நானே நிக்கலாமாம்; நீ வந்தவுடனை திருப்பி உன்ரை பேருக்கு மாத்துவினமாம். நீ போ. எனக்கு எங்கை போறதுக்கு இருக்கு?"

"திரும்பி வருவன் லூர்த்து. சத்தியமாய் வருவன்." சொன்னது காணாதெண்டு பட்டது யோசப்பினுக்கு. உடனை எழும்பி, தன்ரை பழைய சேலை ஒண்டை விரிச்சு, லூர்த்தம்மாவின்ரை ரெண்டு கதிரைக்கும் உறை வெட்டினாள். "இந்தா, வெட்டி வைச்சிட்டுப் போறன். வந்துதான் தைப்பன். வெட்டின துணியை விட்டிட்டு நான் எங்கையாவது போனதைக் கண்டிருக்கிறியே?"

"இல்லையடி" எண்டு சிரிச்சாள் லூர்த்தம்மா. சிரிப்பு இருமலாய் முடிஞ்சுது.

போறதுக்கு முதல்நாள் மத்தியானம் யோசப்பின் பை கட்டிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைக்குத் தைச்ச குட்டிச் சட்டையளை மேலாலை வைச்சாள். ரெஜினா சொல்லி அனுப்பினதிலை ஒண்டை அவள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை: "அம்மா வந்தால் நான் திரும்பிப் போக விடமாட்டன்."

வேலிக்கு அங்காலை லூர்த்தம்மாவின்ரை இழுப்புக் கேட்டது. ஆசுப்பத்திரியிலை மருந்து முடிஞ்சுதாம், இனிக் கொழும்பிலைதான் காட்டவேணுமெண்டு டொக்டர் போன கிழமை சொன்னவர். பிணை நிண்டால் தானும் அசையேலாது எண்டு தெரிஞ்சும் லூர்த்தம்மா அதைப் பற்றி வாயே திறக்கேல்லை. தேவாலயத்திலை மற்றவை கதைச்சுத்தான் யோசப்பினுக்குத் தெரியும்.

பிள்ளையைக் கையிலை வாங்கினால் திரும்பி வருவனோ? தன்னைத்தானே கேட்டாள். ஒருக்காக் கேட்டவுடனை பதில் வந்திட்டுது. வரமாட்டன். ரீச்சரும் இப்பிடித்தானே, நல்ல மனிசிதானே, வருவன் எண்டுதானே சொன்னவ. ரீச்சரின்ரை மண்சிவப்பு உறையும் தான் வெட்டின பழைய சேலையும் ஒண்டுதான், ரெண்டும் வராதவள் விட்டிட்டுப் போற துணி. ரெஜினா வலியிலை கத்தேக்கை ஆர் கையைப் பிடிப்பினம் எண்டு நினைச்சு நினைச்சு, அழுதழுதே மெசினுக்கு முன்னாலை போய் இருந்தாள். வெட்டி வைச்ச துணியை எடுத்தாள்.

பொழுது சாயேக்கை லூர்த்தம்மாவின்ரை வீட்டுக்குப் போய், ரெண்டு கதிரைக்கும் உறையைப் போட்டு, இழுத்து, முடிச்சுப் போட்டாள்.

லூர்த்தம்மா பாத்துக்கொண்டு நிண்டாள். "என்னடி இது? வந்துதானே தைப்பன் எண்டனீ?"

"நான் போகேல்லையடி. இருந்து பார்" எண்டாள் யோசப்பின். "இறுக்கமாய் இருக்கோ, சொல்லு."

லூர்த்தம்மா இருக்கேல்லை. கதிரையின்ரை முதுகைப் பிடிச்சுக்கொண்டு, இழுக்கிற மூச்சோடை, அழத் தொடங்கினாள்.