கறக்கும் முன் தீனி

என் மாமனார் சென்னியப்பன், தீனி வைக்காமல் எந்த மாட்டின் மடியிலும் கை வைத்ததில்லை. மழை கொட்டினாலும் சரி, பால்காரர் வாசலில் நின்று சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தாலும் சரி, முதலில் சோளத்தட்டும் தவிடும் போவது மாட்டுக்கு. அது வாய் வைத்து மெல்லத் தொடங்கிய பிறகுதான் செம்பை எடுப்பார்.

"வெறும் வயித்தோட நிக்கறவகிட்ட வாங்கித் தின்னா நம்ம உடம்புல ஒட்டுமா?" என்பார்.

மாட்டுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் அதுதான். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி. மலைக்கு ஏறும் பஸ் எங்கள் காட்டை ஒட்டித்தான் முதல் வளைவில் திரும்பும். டிரைவர் இறங்கி டீ குடிக்கிற நேரத்துக்குள் இவர் வேகவைத்த நிலக்கடலையைத் துண்டில் கட்டிக்கொண்டு போய்விடுவார். "மேல போய்ச் சேர எத்தனை வளைவு ஒடிக்கோணும், கை சோந்து போகாதா" என்று அவருக்குக் கவலை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கூச்சத்தில் அரைவயிற்றோடு எழுந்துவிடுவேன். அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார். என் மாமியாரிடம், "பாவாயி, அந்தப் பூனைக்கு இன்னொரு கரண்டி சோறு போடு" என்பார். சோறு என் தட்டில் விழும். எங்கள் வீட்டில் பூனையே இல்லை என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மலை மேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் கொஞ்சம் அன்னாசிக்காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். பழம் வெட்டும் பருவத்தில் எல்லோரும் மேலேயே குடிசை போட்டுத் தங்குவோம். இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் அப்படித் தங்கியிருந்தபோது பாவாயி அத்தையின் காலில் கொடுவாள் பட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டிவிட்டு மறுநாளே வேலைக்குப் போனார். கால் வீங்கியது. காய்ச்சல் வந்தது. பிறகு யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேச ஆரம்பித்தார். ஜீப் பிடித்து, மலையிலேயே கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் நவநீதகிருஷ்ணன் மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். காலைத் தொட்டுப் பார்த்த உடனேயே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். நர்ஸ் மெர்சி குளுக்கோஸ் இல்லாத உப்புத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஏறியிருந்தது.

"எங்க அம்மாவுக்குச் சக்கரை வியாதி இல்லீங்களே" என்று என் கணவர் குணசேகரன் சொன்னார்.

"இல்லாதவங்களுக்கும் ஏறும்" என்று சொன்ன டாக்டர், அவர் பதற்றத்தைப் பார்த்துத் தோளில் கை வைத்தார். "உடம்புக்கு ரொம்ப முடியாமப் போனா, இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்காது. இன்சுலின் கதவைத் தட்டும், உள்ள இருக்கறவங்க தொறக்க மாட்டாங்க. சர்க்கரை ரத்தத்துலயே நிக்கும். கூடவே ஒரு வகைக் கொழுப்பும் ஏறும். வெறும் வயித்துல எடுத்த ரத்தத்துல இது ரெண்டும் இறங்குதான்னு பாக்கோணும். இறங்கினா உடம்பு நம்ம பேச்சைக் கேக்குதுன்னு அர்த்தம். மருந்து குடுத்தும் ஏறிக்கிட்டே போனா, அது நல்ல அடையாளம் இல்ல."

அதனால் காலையில் ரத்தம் எடுக்கும் வரை வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மெர்சி கண்டிப்பாகச் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். அடுத்த காலை எடுத்த ரத்தத்தில் இரண்டும் கொஞ்சம் இறங்கியிருந்தன. அத்தை மாமாவைப் பார்த்து, "கன்னுக்குட்டிய அவுத்து உட்டீங்களா?" என்று தெளிவாகக் கேட்டார். நாங்கள் அதையே ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டோம்.

அதற்கடுத்த காலை நான் வெந்நீர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மெர்சி ஏற்கெனவே ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். தலையணை ஓரம் எறும்பு சாரை கட்டியிருந்தது. மலையில் எறும்புக்கா பஞ்சம் என்று முந்தானையால் தட்டிவிட்டேன்.

டாக்டர் வார்டுக்கு வந்தபோது அவர் நடையே சரியில்லை. எங்களை வெளித்தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டுமே ரொம்ப ஏறிடுச்சு. முதல் நாளைவிட அதிகம். காய்ச்சலும் விடல, பிரஷரும் நிக்கல. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னா அவங்க இருக்கற நிலைமைல அந்த வளைவெல்லாம் தாங்குவாங்களான்னு தெரியல. நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல."

அத்தையின் அண்ணன் அர்த்தனாரி அன்று காலை முதல் பஸ்ஸில்தான் மேலே வந்திருந்தார். அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு துண்டை இறக்கி, "ஜீப்பைச் சொல்லு குணசேகரா" என்றார். "உசுரு இருக்கறப்பவே ஊடு போய்ச் சேரட்டும். இங்க முடிஞ்சு போச்சுன்னா ஊட்டுக்குள்ள கொண்டு போக முடியாது. வாசல்ல கெடத்தோணும். என்ற தங்கச்சி அவ ஊட்டு வாசல்ல கெடக்கறதை நான் பாக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வெளியில் போன உயிரின் உடம்பு வாசற்படி தாண்டாது. என் கணவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கீழே பார்த்தார். ஜீப்பில் ஏற்றினால் பாதி வளைவு தாண்டுவதற்குள் அத்தை போய்விடுவார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் என் கணவர் ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்.

"கொஞ்சம் நில்லு சாமி" என்றார் மாமா.

அதுவரை அவர் தூணோரம் நின்றிருந்தார். டாக்டரிடம் வந்து, "ஏனுங்க டாக்டரய்யா, தின்னா அது ஏறுமுங்களா?" என்று கேட்டார்.

"எது?"

"அந்தச் சக்கரையும் கொழுப்பும்."

டாக்டர் அவரையே பார்த்தார். "அவங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒரு மலைவாழப்பழமுங்க. கரைச்சுத்தான் குடுத்தேன். அதுல தேன் ரெண்டு கரண்டி."

"அவ்வளவுதானா?"

"நெய் ஒரு சொட்டுங்க." மெர்சியைப் பார்த்தார். "ஒரு சொட்டுன்னா, ஒரு கரண்டி இருக்கும். பெரிய கரண்டி."

மெர்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்பா! வாயில ஒண்ணுமே வைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீங்களும் தலைய ஆட்டுனீங்களே!"

"ஆட்டுனேன் கண்ணு. நேத்து நீ சொன்னபடிதான் இருந்தேன். நீ வந்து அவ கையில ஊசி குத்தி இழுத்தே. ஒட்டிக் கெடக்கற வயிறு அது. இன்னைக்கும் அப்படிப் பாத்துக்கிட்டு நிக்க முடியல." அவர் குரல் இறங்கிவிட்டது. "கறக்கறதுக்கு முன்னால தீனி வைக்காம எப்படீங்க?"

முதலில் சிரித்தது அர்த்தனாரிதான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவருக்கு. "என்ற தங்கச்சிய மாடுன்னே நெனச்சுட்டியா மாப்ள?" என்றார்.

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இன்சுலினைக் கூட்டச் சொல்லி இப்பத்தான் எழுதிக்கிட்டிருந்தேன். நீங்க சொல்லாம விட்டிருந்தா அதுவே ஆபத்தாப் போயிருக்கும்" என்றார். மெர்சியை அனுப்பி அதை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "இந்தக் கணக்கை நம்ப முடியாது. அதுக்காக ஆபத்து விலகிடுச்சுன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல வெறும் வயித்துல மறுபடி எடுத்தாத்தான் தெரியும்."

"நாளைக்குள்ள ஒண்ணு ஆயிட்டா?" என்றார் அர்த்தனாரி. சிரிப்பு போய்விட்டிருந்தது.

மாமா உள்ளே ஜன்னல் வழியாக அத்தையைப் பார்த்தார். "அவ இங்கயே இருக்கட்டும் மச்சான். அப்படி ஒண்ணு ஆயி வாசல்ல கெடத்துற மாதிரி வந்துச்சுன்னா, நானும் அவகூட வாசல்ல கெடந்துக்கறேன். உள்ள வர மாட்டேன்."

அர்த்தனாரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ஜீப் வரவில்லை.

அன்று மெர்சி மாமாவை வார்டுக்குள் விட்டார், ஆனால் அவர் பழம் கரைத்து வைத்திருந்த தூக்குப்போசியையும் தேன் பாட்டிலையும் வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். நான் வாங்கி வந்த இட்லியை மாமா தொடவில்லை. "அவளுக்குக் குடுக்கலாம்னு சொல்லட்டும், தின்னுக்கறேன்" என்றார். அவருக்குக் கொடுக்கத் தெரியும், கொடுக்காமல் இருக்கத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கை சும்மா இருக்க முடியாமல் கட்டில் கம்பியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அத்தை கண் விழித்து உதட்டை ஈரம் பண்ணிக்கொண்டபோது அவர் கை இடுப்புத் துண்டுக்குப் போய், அதில் ஒன்றும் இல்லாமல், திரும்பி வந்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்று மெர்சி சொன்னதும் அதைக் கொடுத்தார்.

காலையில் மெர்சி ஊசியோடு வந்தபோது மாமா வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். "ஆச்சா? ஆச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்தார். இந்த முறை நடை வேகமாக இருந்தது.

"இறங்கியிருக்கு. சரியாகல, ஆனா இறங்கியிருக்கு. ரெண்டும்."

"அப்படீன்னா?" என்றார் அர்த்தனாரி.

"இன்சுலின் தட்டினா உள்ள கதவைத் தொறக்குறாங்கன்னு அர்த்தம். பொழைச்சுக்குவாங்கன்னு நெனக்கிறேன்."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு தலையைத் தூக்கி, "இப்பத் தீனி வைக்கலாமுங்களா?" என்றார். மெர்சிதான் கஞ்சி கொண்டுவந்தார். உப்பு மட்டும் போட்ட அரிசிக்கஞ்சி. மாமா அதை ஊதி ஊதிக் கொடுத்தார். அத்தை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "நேத்து நல்லாருந்துச்சு, இன்னைக்கு இது என்ன சப்புன்னு" என்றார். மெர்சி அத்தையை முறைத்தார், மாமா ஜன்னலைப் பார்த்தார்.

கால் ஆறி வீடு திரும்ப மாதக்கணக்கில் ஆனது. ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. சர்க்கரை லேசாகத் தங்கிவிட்டது, அவ்வப்போது மேலே வந்து ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த நாட்களில் இருவரும் ஒன்றுமே சாப்பிடாமல் முதல் பஸ் ஏறுவார்கள். மாமாவுக்கென்ன விரதம் என்று மெர்சி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். ஆஸ்பத்திரி பெஞ்சில் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, மூடிமேல் கையை அழுத்தியபடி மாமா உட்கார்ந்திருப்பார். ஊசியை எடுத்ததும் மூடி திறக்கும்.

போன வருடம் மாமாவுக்குத் தலைசுற்றல் வந்தது. அவர் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் கூடப் போனேன். மெர்சி அவர் கையில் ரப்பரைக் கட்டும்போது மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை பெஞ்சில், தூக்குப்போசி மூடிமேல் கை வைத்தபடி.

"நீ தின்னியா பாவாயி?" என்று கேட்டார்.

"கறந்து முடிக்கட்டும்" என்றார் அத்தை. "அப்பறம் பாத்துக்கலாம்."