இரக்கத்தில் விழுந்த வாக்குகள்

பாரிசில் லா சப்பல் பகுதியில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் திடீரென்று இறந்துபோனார். அவருடைய இடத்துக்கு இடைத்தேர்தல் வைத்தார்கள். ஒருவர்தான் மனுக் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் வேலை செய்பவர், பிரெஞ்சு எழுதுவதில் கெட்டிக்காரர். போட்டியில்லாமல் வந்தவர் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக அவரே என்னைத் தேடி வந்தார்.

"சும்மா நில்லுங்கோ அண்ணை. தோக்கிறதுக்குத்தானே. ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை."

எனக்கு ஒருவருக்கும் மறுத்துச் சொல்ல வராது. உணவகத்தில் கோப்பை கழுவும் இத்தனை வருடத்தில், முதலாளியிடம் லீவு கேட்பதற்குக்கூட வேறொருவரைத்தான் அனுப்பியிருக்கிறேன். தலையாட்டிவிட்டேன். வென்றால்தான் எனக்கு ஆபத்து. செயலாளர் பிரெஞ்சில் கடிதம் எழுத வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதைப் பாரிசில் எவருக்கும் சொன்னதில்லை.

ஞாயிறு மதியம், பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள அறையில் வாக்களித்தோம். தலைவர் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து வாசித்தார். முதலாவது என் பெயர். இரண்டாவதும் என் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். பத்தாவது துண்டுக்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. என் முதுகு வியர்த்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் என்னை நிற்கச் சொன்னவருக்கு விழுந்தது இரண்டே இரண்டு. மிச்சம் எல்லாம் எனக்கு.

"ஒண்டு நான் போட்டது. மற்றது ஆர்?" என்றார் அவர்.

"நான்," என்றேன் மெதுவாக.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "அப்ப நீர்?"

"அண்ணைக்கு ஒண்டும் விழாட்டிப் பாவமெல்லோ. நீங்கள் எப்பிடியும் வெல்லுவியள் எண்டு நினைச்சிட்டன்."

"நானும் அப்பிடித்தான்," என்றார் ஒருவர். "நானும்," என்றது பின்வரிசை.

தலைவர் அரசாங்கத்துக்கு அனுப்பும் படிவத்தை என் முன்னால் வைத்தார். "புதுச் செயலாளர், நிரப்புங்கோ."

எல்லாம் பிரெஞ்சு. எழுந்து நின்றேன். அந்த அறையில் நான் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. "என்னால ஏலாது. நான் அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சனான்."

தோற்றவரின் மனைவிதான் முதலில் சொன்னார்: "அது எங்களுக்குத் தெரியும்தானே அண்ணை. அதாலதான் ஒருத்தரும் போடமாட்டினம் எண்டு பயந்தனாங்கள்."

"பேப்பர் நீட்டினால் கண்ணாடி மறந்திட்டன் எண்டுவியள்," என்றார் தலைவர். "கண்ணாடி உங்கட பொக்கற்றுக்கையே நிண்டு எங்களைப் பாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் காது இரண்டும் எரிந்தன. இவ்வளவு காலமும் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, இவர்கள் எனக்குத் தெரியாமல் எனக்காகப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள். தோற்றிருந்தால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தோற்றவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். அதற்குப் பிறகு மனைவியின் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. பேனாவைத் திறந்தார்.

"பிறந்த திகதியைச் சொல்லுங்கோ அண்ணை. நான் எழுதுறன்."

சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்.