வேலை நாளில் போடாத மாத்திரை

அக்காவுக்கும் எனக்கும் ஒரே வருஷத்தில்தான் பிரஷர் என்று சொன்னார்கள். தானா ராத்தா டவுன் கிளினிக்கில் ஆளுக்கு இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்று தண்ணி மாத்திரை. காலையில் போட்டால் பத்து மணிக்குள் மூன்று நான்கு தடவை ஒதுங்க வேண்டும்.

தேயிலை மலையில் ஒதுங்க ஏது இடம்? செடி இடுப்பளவுதான். முன்பு நிரைக்கு நிரை பெண்கள் இருந்தோம். ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி மறைத்து நிற்பாள். இப்போது எங்கள் கூட்டத்தில் அக்காவையும் என்னையும் விட்டால் எல்லாரும் வெளிநாட்டு ஆண்கள். மேலே கொழுந்து வெட்டும் மெஷின் பிடித்து நிற்பவர்களுக்குக் கீழே எல்லாமே தெரியும். ரோட்டில் காரை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் வேறு.

நான் சின்ன வயதிலிருந்தே கூச்சப்படுகிறவள். பஸ் என் இடத்தைத் தாண்டிப் போனாலும் வாய் திறக்க மாட்டேன், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். அதனால் அந்த யோசனையை அக்காவிடம் நான்தான் சொன்னேன்.

"வேலை நாள்ல தண்ணி மாத்திரை வேணாம்க்கா. ஞாயித்துக்கிழம மட்டும் போட்டுக்கலாம்."

"டாக்டர் ஏச மாட்டாரா?"

"நமக்குத்தான் தலவலி, மயக்கம் ஒண்ணும் இல்லியே. யாருக்குத் தெரியப்போவுது?"

"பாரம் மூணு வரைக்கும் பள்ளிக்கூடம் போனவ சொல்ற, சரியாத்தான் இருக்கும் லா," என்று சிரித்தாள்.

கிளினிக்கில் தினமும் போடுகிறீர்களா என்று கேட்கும்போதெல்லாம் நான் தலையாட்டினேன். பிரஷர் இறங்கவில்லையே என்று அக்காவுக்குத் தண்ணி மாத்திரையைக் கூட்டினார்கள். கூட்டினதையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போட்டாள். அவளுக்குச் சர்க்கரையும் இருந்தது.

சில வருஷம் கழித்து ஒரு நாள், கொழுந்து வெட்டி முடித்த நிரையிலேயே அக்கா மறுபடி இறங்கினாள். கத்தரி வெறும் காம்பை வெட்டியது.

"என்னக்கா, செடிக்கு மொட்ட போடுறியா?"

அவளும் சிரித்தாள். ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள். அப்புறம் சில மாதம் ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று ஒரு நாள், கரைத்த புளியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று புரியாமல் அடுப்பின் முன்னால் நின்றாள். அதோடு நடையும் மாறிப்போனது. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். யார் பெயரும் மறக்கவில்லை என்பதால், இதை ஒரு நோய் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு படி இறங்கினாள். அங்கேயே கொஞ்ச காலம் நின்றாள். இறங்கின படியில் மறுபடி ஏறவே இல்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். படத்தைப் பார்த்துச் சொன்ன டாக்டர் நம் தமிழ் ஆள், இளவயது.

"மூளைக்குள்ள போற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் பிரஷராலயும் சர்க்கரையாலயும் கெட்டுப்போயிருக்கு. ரத்தம் போய்ச் சேராத எடந்தான் இந்தப் புள்ளிங்க. யோசிக்கிற வேகம், ஒண்ணு முடிஞ்சா அடுத்தது என்னங்கிறது, அதெல்லாம் இதனாலதான் அடிபடுது."

அக்கா உற்றுக் கேட்டாள். "நம்ம லயத்துக் கடைசி வீட்டுக் குழா மாதிரி. மொத வீட்ல குளிச்சா நமக்குச் சொட்டாது."

"அதேதாம்மா," என்று சிரித்தவர் என் பக்கம் திரும்பினார். "மாத்திரை தெனமும் போடுறாங்களா?"

வழக்கம்போலத் தலையாட்டப் போனேன்.

"நீயே சொல்லுடி," என்றாள் அக்கா. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒதுங்க இடம் இல்லாதது, மேல் நிரையில் ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை, அது என் யோசனை என்பது, எல்லாம்.

டாக்டர் மாத்திரைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "வேல முடிஞ்சு வந்து போட்டிருக்கலாமே. வேற மாத்திரையும் இருக்கு. சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பாங்க."

"அதனாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

"அது மட்டும்தான்னு சொல்ல முடியாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னும் சொல்ல முடியாது. போனது திரும்பாது. இனிமே தவறாம போட்டா, இன்னும் எறங்குறதக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்."

அக்கா வேலையை விட்டுவிட்டாள். பகலில் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். மலையிலிருந்து வந்ததும் நான்தான் மாத்திரையை நீட்டுகிறேன். அவள் வாயை இறுக்கிக்கொள்கிறாள்.

"இன்னிக்கி வேல நாள்டி. நீதான சொன்ன?"

புளிக்கு அடுத்து என்ன என்பது போய்விட்டது. நான் சொல்லிக்கொடுத்தது மட்டும் போகவில்லை. டாக்டர் சொன்னதை எத்தனையோ தடவை விளக்கிப் பார்த்தேன். மறுநாளும் அதையேதான் சொல்வாள். இப்போது விளக்குவதில்லை.

"இன்னிக்கி ஞாயிறுக்கா."

"ஞாயித்துக்கிழம கோயில் மணி அடிக்கலியே?"

"அடிச்சது. நீ தூங்கிட்ட."

நம்பி விழுங்குகிறாள். பிறகு அலமாரியிலிருந்து நல்ல சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குக் கிளம்பலாம் என்று நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள். நான் என் மாத்திரையையும் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன்.