மஞ்சள் தண்ணீர் பட்ட கணினி

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தவர் ஒல்லியான மனிதர். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருப்பார். அவரிடம் இரண்டு நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கணினி இருந்தது. மூடிகூட இல்லாத பச்சைத் தகடு. யார் யாரோ எழுதி உலகத்துக்குச் சும்மா விட்ட நிரல்களை எடுத்து, தானும் சேர்த்து எழுதி, தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் என் கிணற்று மோட்டர் தானாக நிற்கும்படி செய்திருந்தார். தகட்டைத் தொடுமுன் யன்னல் கம்பியை ஒருமுறை தொடுவார். உடம்பிலுள்ள மின்சாரம் தகட்டைப் பழுதாக்காமல் கம்பியில் இறங்கவாம்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது தகட்டுக்கும் தெளித்துவிட்டேன். அது நின்றுபோனது. முதல் நாள்தான் அவர் ஏதோ புதிதாக எழுதியிருந்தார். அதில்தான் பிழை என்று மூன்று நாள் சாப்பாட்டை மறந்து வரிவரியாகத் தேடினார். நான் வாய் திறக்கவில்லை. பிழையை ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை.

நாலாம் நாள், "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்ப எழுதப்போறன், அம்மா" என்றார்.

"அழிக்காதேங்கோ தம்பி. நான்தான் மஞ்சள் தண்ணி தெளிச்சனான்."

"இதுக்கோ?"

"வீட்டிலை எல்லாத்துக்கும்தான். உதுக்கு மட்டும் விலக்கோ?"

கோபிப்பார் என்று நிமிர்ந்து நின்றேன். அவரோ கைதட்டிச் சிரித்தார். "அப்ப நான் எழுதினது சரி!"

பிறகு அந்தச் செத்த தகட்டை எடுத்து வைக்கப் போனார். அதற்கு முன்னும் யன்னல் கம்பியைத் தொட்டார். ஏன் தொட்டார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.