தகர மனிதனுக்குக் காட்டிய கற்பூரம்

நம் வீட்டுப் பரணில் ஒரு மண்ணெண்ணெய் டின் கிடக்கிறது. அடிப்பக்கத்தை வெட்டி எடுத்து, கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை போட்டு, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. நெற்றியில் புகை ஏறிக் கறுத்திருக்கும். போன வாரம் அதை இறக்கிய நீங்கள், "அப்பா, இது என்ன அடுப்பா?" என்று கேட்டீர்கள். அடுப்பு இல்லை, பிள்ளைகளே. அது ஒரு தலை. ஒருநாள் சாயங்காலம் என் தலை அதற்குள்தான் இருந்தது.

அதைச் செய்தவர் உங்கள் மாமா. எனக்கு அத்தான், அக்காவின் கணவர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஒரு பண்ணையாருடைய ரைஸ் மில்லில் எஞ்சின் டிரைவர். கறுப்புச் சட்டைக்காரர், சாமி பூதம் என்றால் சண்டைக்கு வருவார். அப்போது எங்கள் பக்கமெல்லாம் கூலித் தகராறு. வரப்பில் கொடி நட்டு வேலைக்கு இறங்க மாட்டோம் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். நில உச்சவரம்பு வந்து பண்ணை போய்விடுமோ என்று பண்ணையார்களுக்குத் தூக்கம் இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பண்ணையார் டிராக்டர் வாங்கினார். ஊரே அதை வேடிக்கை பார்த்தது. அத்தான் மட்டும் மில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து நாடகம் எழுத ஆரம்பித்தார்.

"விஞ்ஞானக் கதை, மச்சான்" என்றார் என்னிடம். "புராணத்துல ஒருத்தர் பறந்தா வரம்னு சொல்லிடலாம். இதுல பறந்தா எஞ்சின் எங்க இருக்குன்னு காட்டணும். ஒரே ஒரு பொய்க்குத்தான் அனுமதி. மத்தபடி வரப்பு வரப்பாத்தான் இருக்கணும், சேறு சேறாத்தான் இருக்கணும்." இந்த வகைக் கதை எப்படிப் பிறந்தது என்றும் சொன்னார். சீமையில் நீராவி எஞ்சின் வந்து, கைத்தறிக்காரர்கள் பிழைப்பு போன காலமாம். அப்பா வாழ்ந்த மாதிரி மகன் வாழப் போவதில்லை என்று ஜனங்களுக்கு அப்போதுதான் உறைத்ததாம். அந்தப் பயத்திலும் ஆசையிலும்தான் நாளையைப் பற்றிக் கதை கட்டினார்களாம். நான் எட்டாவதோடு நின்றவன். பிற்பாடு நூலகத்தில் கிடைத்ததைப் படித்துப் பார்த்தேன். அத்தான் சொன்னது பெரும்பாலும் சரிதான்.

நாடகத்தில், ரெண்டாயிரமாவது வருஷம் பண்ணையாரிடம் ஒரு தகர மனிதன் இருக்கும். நாற்று நடும், களை எடுக்கும், கூலி கேட்காது. கடைசிக் காட்சியில் மட்டும் வரப்பில் உட்கார்ந்து, "நான் வேலை செய்ய மாட்டேன்" என்று சொல்லும். அதைக் கேட்டதும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்தக் காட்சிய எடுத்துடுங்க. பண்ணையார் முன்னாடியே உக்காந்திருப்பாரு. மில்லு வேலை போச்சுன்னா உங்க தகரமா சோறு போடும்?"

"மெஷின் வந்துச்சுன்னு சொல்றது டிராக்டர் விளம்பரம். வந்த பொறவு என்ன ஆகும்னு கேக்குறதுதான் கதை" என்றார் அத்தான்.

பண்ணையார் களத்திலேயே மேடை. அவருக்கு நாற்காலி. தகராறு செய்தவர்கள் எதிரே தரையில். நான்தான் தகர மனிதன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பளபளவென்று மேடைக்கு வந்தேன். எங்கள் ஊர் நாடகத்தில் கிரீடம் வைத்த வேஷம் முதலில் வரும்போது கற்பூரம் காட்டாமல் விடமாட்டார்கள். என் அம்மாவே தட்டோடு எழுந்து வந்தாள்.

மேடை ஓரத்திலிருந்து அத்தான் கத்தினார்: "அத்தை, அது சாமி இல்ல, மெஷினு!"

"இருக்கட்டும் மாப்பிள்ளை. தலையில மின்ன மின்ன வச்சுக்கிட்டு வந்துட்டானே, சும்மா விட முடியுமா?"

அம்மாவுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள் தட்டோடு வந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குத் திருநீறு பூசச் சொன்னாள். தகரம் காய்ந்து, காது வெந்தது. "ஐயோ சுடுது! நான் வேலை செய்ய மாட்டேன்!" என்று அலறி, வரப்பென்று போட்டிருந்த மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசிக் காட்சி முதலிலேயே முடிந்தது.

"மெஷினே ஸ்டிரைக்கு பண்ணிடுச்சுடோய்!" என்று களம் அதிர்ந்தது. பண்ணையார் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். சத்தம் அடங்கியது.

"டிரைவர், இங்க வா. இவன் சொன்னது நீ எழுதினதா, தானா வந்ததா?"

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா, 'தானா வந்ததுன்னு சொல்லுங்க' என்று தலையாலும் கையாலும் ஜாடை காட்டினாள். அத்தான் அவளைப் பார்த்தார்.

"சுட்டது தானா வந்துச்சுங்கய்யா. மாட்டேன்னது நான் எழுதினது."

"அப்ப ரெண்டாயிரத்துலயும் எனக்கு இந்தத் தலைவலிதானா?"

"ஆமாங்கய்யா."

பண்ணையார் விரலை மடக்கி வருஷத்தை எண்ணினார். பிறகு முகம் மலர்ந்தது. "அது வரைக்கும் பண்ணை எங்கிட்டதான் இருக்கும்னு எழுதியிருக்கியே, அது போதும்டா! காலையில வந்து எஞ்சினைக் கிளப்பு."

வேலை தங்கியது. அக்கா மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டாள். அத்தான்தான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "மெஷின் மாறும்னு யோசிச்சேன் மச்சான். பண்ணையார் இல்லாம போகலாம்னு எனக்குத் தோணவே இல்லையே!"

ரெண்டாயிரம் வந்து போய்விட்டது. களம் இருந்த இடத்தில் இப்போது வீட்டு மனைகள். நேற்று நம் வயலில் அறுவடை மெஷின் இறங்கியதைப் பார்த்தீர்களே, ஓட்டிவந்த பையன் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினான். பக்கத்தில் நின்ற உங்கள் மாமா என் தோளில் கை வைத்து, "அன்னைக்கே அத்தையை ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கணும், மச்சான்" என்றார்.

டின்னை விளையாட எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் இருக்கும் கற்பூரப் புகைக்கறையை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அந்த நாடகத்தில் வருங்காலத்தைச் சரியாகச் சொன்ன இடம் அது ஒன்றுதான்.