முப்பத்தோராம் நாள் மூடப்பட்ட அஞ்சல் பெட்டி

எங்கள் சங்கத்தில் செத்தவர்களுக்கும் முப்பத்தொரு நாள் ஆயுள் உண்டு. நில அளவையாளர் ஒருவர் இறந்தால் அவருடைய மின்னஞ்சல் பெட்டியை நாங்கள் உடனே மூடமாட்டோம். அந்தியேட்டி என்ற முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை அது திறந்தே கிடக்கும். அவர் அளந்துகொண்டிருந்த காணியின் சொந்தக்காரர் எழுதலாம், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பிளான் கேட்கலாம், செத்தவரின் வீட்டில் உள்ளவர்கள் பார்த்துப் பதில் சொல்லட்டும் என்பதுதான் காரணம். இதை எவரும் விதியாக எழுதி வைக்கவில்லை. வீட்டுக்குச் சாவுத் துடக்குக் கழிகிற நாளில் சங்கத்துக்கும் கழியும். அவ்வளவுதான்.

யாழ்ப்பாண நகரத்தில் சங்கத்துக்கு இரண்டு அறைகள். பின் அறையில் சேர்வர் என்று ஓர் இயந்திரம் இருந்தது. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முழுவதும் அதற்குள்தான். எங்களுக்கு இல்லாத ஏசி அதற்கு இருந்தது. மின்சாரம் போனால் ஏசி நிற்கும், பிறகு இயந்திரம் நிற்கும், எங்கள் கடிதங்களும் நிற்கும். கடைசியில் அது மின்சாரம் இருக்கும்போதும் நிற்கத் தொடங்கியது. அஞ்சலையெல்லாம் கிளவுட் சேவைக்கு மாற்றுவது என்று கூட்டம் போட்டோம்.

“எங்கடை கடிதமெல்லாம் அப்ப ஆரின்ரை நாட்டிலை கிடக்கப்போகுது?” என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்.

“உங்கடை பிள்ளையள் இருக்கிற நாட்டிலைதான் ஐயா. போய்ப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தோம். கொழும்பில் ஒரு கம்பனியைப் பிடித்தோம். உயிரோடு இருக்கும் உறுப்பினர்களின் விவரத்தைத் தாருங்கள், அவர்களுக்கு மட்டும் புதிய பெட்டி திறக்கிறோம் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. அப்போது எங்களில் ஒருவர் செத்துக்கொண்டிருந்தார்.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். உறவில்லை. ஒன்றாகப் பல காலம் வெயிலில் நின்றோம், அந்த வழக்கம். சண்டிலிப்பாயில் வீடு. பெரிய குரல்காரர். புத்தூரில் தோட்டக் காணி அளக்கும்போது, மறுகரையில் கோல் பிடித்து நிற்பவனுக்கு அவர் போடும் சத்தத்தில் றோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். சுருட்டும் ஓயாது. தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். ஒப்பரேசன் செய்து குரலை எடுத்துவிட்டார்கள். அந்த மனிதனிடம் எடுப்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

கதைக்க ஏலாமல் போனபின் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குப் போனில் தெரிந்தது சங்கத்தின் மின்னஞ்சல் ஒன்றுதான். வைபர், வாட்ஸ்அப் எதையும் தொடமாட்டார். புதுக் கடிதம் என்ற இடத்தை அமத்துவார். ஒற்றை விரலால் தமிழில் எழுதுவார். எழுதிய திரையை எங்கள் மூக்குக்கு முன்னால் நீட்டுவார். நாங்கள் வாசித்ததும் மூடிவிடுவார். அடுத்த வசனத்துக்கு இன்னொரு புதுக் கடிதம். யாருக்கும் அனுப்புவதில்லை. அழிப்பதுமில்லை. அப்படி அனுப்பாமல் மூடிய கடிதமெல்லாம் டிராஃப்ட் என்ற இடத்தில் தானாகப் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒருநாள் நான் போனபோது எழுதி, நான் அக்கா என்று கூப்பிடும் மனைவியிடம் காட்டினார்: “இவனுக்குத் தேத்தண்ணி குடுக்காதை. சீனி முழுக்க முடிச்சுப்போடுவான்.”

“உங்கடை வாய் போனாலும் கொழுப்புப் போகேல்லை,” என்றார் அக்கா. அண்ணை சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அக்கா வாயால் கேட்பார், அண்ணை போனில் எழுதிப் பதில் சொல்லுவார். இல்லாவிட்டால் அவர் போனை நீட்டுவார், அக்கா வாயால் பதில் சொல்லுவார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் குடும்பம் நடந்தது.

பிறகு அவர் போய்விட்டார்.

சங்கத்தில் மாற்றும் வேலை தொடங்கியிருந்தது. அந்த வாரமே பழைய இயந்திரத்தை நிறுத்தவேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக நின்றார். செயற்குழுவில் நான் கத்தினேன். மனிதனுடைய சாம்பல் ஆறவில்லை, அந்தியேட்டிவரை பொறுங்கள், இத்தனை பேருக்குச் செய்ததை இவருக்கும் செய்யுங்கள் என்றேன். தலைவர் இறங்கி வந்தார். மற்ற எல்லோருடைய கடிதங்களையும் கிளவுட்டுக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, அண்ணைக்காக மட்டும் பழைய இயந்திரத்தை ஓடவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் காலை அதை நிறுத்துவது என்று முடிவானது.

அதற்கு முதல் நாள் எல்லா உறுப்பினர்களுக்கும் தலைவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். “உங்கள் தொலைபேசியில் உள்ள பழைய கணக்கை நீக்கிவிட்டுப் புதிய கணக்கைச் சேர்க்கவும். உங்கள் கடிதங்கள் யாவும் தாமாக வந்து சேரும்.” பெட்டி திறந்திருந்த எல்லோருக்கும் அது போனது. அண்ணையின் பெட்டியும் திறந்துதான் இருந்தது. கிளவுட்டில் இடம் கொடுக்காத அளவுக்கு அவர் செத்திருந்தார். சுற்றறிக்கை வாங்கும் அளவுக்கு உயிரோடு இருந்தார். இதை எங்கள் செயற்குழுவில் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லோரும் படித்தவர்கள்.

முப்பத்தோராம் நாள் காலை ஆண்கள் நாங்கள் கீரிமலைக்குப் போனோம். கிரியை முடித்து, கடலில் தோய்ந்து, கேணியில் முழுகி, ஈர வேட்டியோடு வான் வண்டியில் ஏறினோம். சண்டிலிப்பாய்க்குத் திரும்பியபோது பந்தலில் வாழை இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசலில் நின்றார். என்னைக் கையால் கூப்பிட்டு அறைக்குள் கொண்டுபோனார். கையில் அண்ணையின் போன்.

“தம்பி, இதை ஒருக்காப் பார். அவர் கதைச்சதெல்லாத்தையும் காணேல்லை.”

“என்ன கதைச்சது அக்கா?”

“எழுதிக் காட்டுறவரெல்லே. எல்லாம் இதுக்கை கிடந்தது. செத்த வீடு நடந்த அண்டைக்கு ஒரு நம்பர் தேடேக்கைதான் கண்டனான். முதல் நாளிலையிருந்து கிடந்தது தம்பி. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாப்பன்.”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?”

“ஆருக்குச் சொல்லுறது? விசர் பிடிச்சிட்டுது எண்டு சொல்லுவினம்.”

போனை வாங்கினேன். கணக்கே இல்லை.

“காலமை ஒரு கடிதம் வந்து கிடந்தது,” என்றார் அக்கா. “பழசை எடுத்துப்போட்டுப் புதுசைப் போடச் சொன்னவை. எல்லாம் தானா வரும் எண்டவை. உங்கடை சங்கம்தானே எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்விச்சன். பழசு போயிட்டுது. புதுசு அவரின்ரை பேரை எடுக்குதில்லையாம்.”

ஈர வேட்டியோடு கிணற்றடிக்குப் போய் நின்று தலைவருக்குப் போன் அடித்தேன். பழைய இயந்திரத்தைத் தொடவேண்டாம், அண்ணையின் பெட்டி வேண்டும் என்றேன்.

“நீ இப்ப என்ன சொல்லுறாய்? முப்பத்தோராம் நாள் வரைக்கும் பொறு எண்டு நீதானே குழறினனி? பொறுத்தம். இண்டைக்கு முடிஞ்சுது. காலமையே எல்லாத்தையும் துடைச்சாச்சு.”

“அவரின்ரை டிராஃப்ட் எல்லாம் அதிலை கிடந்தது.”

“செத்த மனிசன்ரை டிராஃப்டை ஆர் பாக்கப்போகினம்?”

“அவரின்ரை மனிசி பாத்தவ,” என்றேன். தலைவர் போனைக் கம்பனிக்காரரிடம் கொடுத்தார்.

“முடிஞ்சிருச்சு சார்,” என்றார் அந்த ஆள். “திரும்ப எடுக்க முடியாத மாதிரி அழிக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க. சனங்களுடைய காணிப் படமெல்லாம் இருக்குன்னு சொன்னீங்க.”

சொன்னோம். அதிலும் பிழை இல்லை. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தோம். வழக்கப்படி பொறுத்தோம், வழக்கப்படி மூடினோம். நான் தூஷணத்தால் ஏசினேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆளுக்கு ஏசியது அநியாயம் என்று ஏசும்போதே தெரியும். வேறு யாரை ஏசுவது என்று தெரியவில்லை.

அறைக்குத் திரும்பினேன். அக்கா கட்டிலில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

“அப்ப நான்தான் என்ரை கையாலை அழிச்சுப்போட்டனோ தம்பி?”

“இல்லை அக்கா. நாங்கள் சொன்னதைத்தானே செய்தனீங்கள். அழிச்சது நாங்கள்.”

அவர் என்னை நம்பினாரா தெரியாது. எழும்பி, சேலைத் தலைப்பால் போனைத் துடைத்து மேசையில் வைத்தார். “போய்ச் சாப்பிடு. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்,” என்றார்.

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிளவுட்டில் இருந்து சங்கத்துக்கு வந்த முதற்கடிதம் தலைவருடையது. ஒரு கடிதம்கூடத் தவறாமல் மாற்றம் நிறைவேறியது என்று நன்றி சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியைத் திருத்துங்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டேன். அனுதாபத் தீர்மானம் ஒன்று நிறைவேற்றுவோம் என்றார்கள். உங்கள் தீர்மானத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் செயற்குழுவை விட்டு எழும்பி வந்தேன். புதிய சேவை நன்றாகத்தான் வேலை செய்கிறது. மின்சாரம் போனாலும் நிற்பதில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சண்டிலிப்பாய்ப் பக்கம் வேலை இருந்தால் அக்காவிடம் போவேன். போன் இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது. அவர் அதை ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போனமுறை தேத்தண்ணி தந்துவிட்டு முன்னால் இருந்தார்.

“அப்பிடி என்ன பெரிய விசயமே எழுதினவர்?” என்றார். “கறிக்கு உப்புக் காணாது. ஃபானை நிப்பாட்டு. உந்த நாயை உள்ளை விடாதை. இதுதானே.”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“நான் சொன்ன மறுமொழியெல்லாம் நினைவிருக்குத் தம்பி. என்ரை வாயாலை சொன்னதெல்லே. ‘ஓம், போடுறன்’ எண்டு சொன்னனான். ‘பொறுங்கோ, வாறன்’ எண்டு சொன்னனான். ‘உங்களுக்கு விசர்’ எண்டும் சொன்னனான். அவர் என்ன எழுதினதுக்குச் சொன்னனான் எண்டுதான் தெரியேல்லை.”