அறுநூற்றுப் பதின்மூன்றாவது பெயர்

ஜெராக்ஸ் எடுக்கவென்றே பிறந்தவள் ஹாஃபிஸா என்று மும்பை செம்பூர் கல்லூரி ஆபீசில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். தாராவியிலிருந்து தினம் வந்து ஆறு வருஷமாக அந்த மெஷினோடு மாரடித்தவள். ஞாயிறுதோறும் குர்லாவுக்குப் போய் கம்ப்யூட்டர் சர்வர் வேலை படித்து சர்டிபிகேட் வாங்கியிருந்தாள். சொன்னால் நம்பவா போகிறார்கள், அந்தப் புண்ணியவான்கள்!

அந்தப் புதன்கிழமை சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். புதுப் பிள்ளைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கல்லூரி மெயில் கணக்கு திறந்தாக வேண்டும். வெள்ளி மாலைக்குள் அது இல்லாவிட்டால் பரீட்சைக்குப் பெயர் பதிய முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்தால் பத்து நாள் ஆகும்.

“ஒரே லிஸ்டாப் போட்டு மொத்தமா ஏத்திரலாம் சார். நான் செய்யுதேன்,” என்றாள் ஹாஃபிஸா.

சூப்பரின்டென்டன்ட் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பண்ணிட்டா சர்வர் சீட் உனக்குத்தான். சொதப்பினயோ, ரிடையராகற வரைக்கும் ஜெராக்ஸ்தான். சம்மதமா?”

“சம்மதம் சார்.”

இரண்டு நாளில் பட்டியல் முடிந்தது. ஆளுக்கு ஒரு வரி: பெயர், சர்நேம் என்கிற குடும்பப் பெயர், ரோல் நம்பரில் ஒரு மெயில் முகவரி, ஒரு பாஸ்வேர்டு. வெள்ளி மதியம் முதல் ஐந்து வரியை ஏற்றிப் பார்த்தாள். ஐந்தும் பழுதில்லை. தைரியமாக மீதியையும் ஏற்றினாள்.

நூற்று எண்பத்தொரு பெயர்களை சர்வர் திருப்பியடித்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தவற்றைப் பார்த்தாள். மாரிசெல்வம், பூமாரி, சாயிமா… அத்தனையும் தமிழ்ப் பிள்ளைகள். சர்நேம் கட்டம் காலி. முதல் ஐந்து பேரும் பவார், ஜாதவ் என்று சர்நேம் உள்ளவர்கள், தடையில்லாமல் நுழைந்துவிட்டார்கள். நம்மவர்களிடம் ஏது சர்நேம்? இருப்பதெல்லாம் ஒரு இனிஷியல். தமிழச்சியான தனக்கே இது தோன்றவில்லையே என்று தலையிலடித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் நகுல் எட்டிப் பார்த்தான். “அக்கா, டைம் இல்ல. எல்லாத்துக்கும் குமார்னு போட்டு விடுங்க.”

“நூத்தி எம்பத்தொரு பேருக்கும் ஒரே சட்டையத் தச்சு மாட்டச் சொல்லுதியா? போலே!”

அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எவனோ ஒரு கிளார்க், கட்டம் காலியாக இருக்கிறதே என்று அவள் பெயருக்குப் பின்னால் ‘கான்’ என்று எழுதிவிட்டான். அதை எடுக்க அவளுடைய வாப்பா இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்.

அட்மிஷன் பாரங்களில் தகப்பன் பெயர் இருந்தது. கட்டு கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாக அவரவர் தகப்பன் பெயரைச் சர்நேம் கட்டத்தில் நிரப்பினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நாலேகாலுக்கு அந்த நூற்று எண்பத்தொன்றை மட்டும் ஏற்றினாள்.

ஒன்றுகூடத் திரும்பவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டும் ஆயிற்று! நகுல் மேஜையைத் தட்டி விசிலடித்தான். ஹாஃபிஸாவுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

“கெட்டிக்காரிம்மா நீ!” என்றார் வேங்கடசுப்ரமணியன். “சீட் உனக்குத்தான். ஆமா, உனக்கே ஒரு ஆபீஸ் மெயில் இல்லையே? போட்டுக்கோ.”

ஆறு வருஷத்தில் யாருக்கும் அது தோன்றியதில்லை. அவள் இன்னொரு வரி சேர்த்தாள். பெயர்: ஹாஃபிஸா. சர்நேம் கட்டத்தில் தன் வாப்பாவின் பெயரை நிறுத்தி நிதானமாக அடித்தாள்: அப்துல் வாஹித்.

அந்தக் கணக்கிலிருந்து சூப்பரின்டென்டன்டுக்கு முதல் மெயில் போயிற்று: “ஜெராக்ஸ் மெஷினுக்கு வேறு ஆள் பார்க்கவும்.”